ஒத்துக்கொண்ட மாத்திரை

மேனேஜருக்கு வலிப்பு நின்று சரியாகத் தொண்ணூறு நாள் ஆன அன்றைக்குத்தான், அவன் பசை ஒட்டும் அம்மாவின் முன்கையைக் கடித்து வைத்தான்.

செல்லக் கடி இல்லை. பல் பதிந்து தோல் கிழிந்துவிட்டது. அட்டைக்கார அக்கா கையிலிருந்த கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்து, தன் தம்பி மேனேஜரின் தாடையை இரண்டு விரலால் அழுத்தித் திறந்து அந்தம்மாவின் கையை விடுவிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது. பசைச் சட்டி கவிழ்ந்து, அடுக்கி வைத்திருந்த அட்டைகளுக்குள் பசை ஊறிக்கொண்டிருந்தது. மேனேஜர் சுவரோடு ஒட்டி நின்று, உள்ளங்கையால் தன் நெற்றியில் பட் பட்டென்று அடித்துக்கொண்டிருந்தான்.

"டேய், என்னடா உனக்கு! என்னடா பண்ணாங்க உன்னை?" என்று அக்கா கத்தினாள். கேள்வி கேட்டாளே தவிர, பதிலுக்காக நிற்கவில்லை. நிற்க நேரம் ஏது? அந்தம்மாவின் கையைக் குழாயடியில் கழுவி, துணி சுற்றி, பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு அழைத்துப் போனாள்.

ஊசி போட்டுக்கொண்டு திரும்பும்போது அந்தம்மா மெதுவாகச் சொன்னாள்: "கோவிச்சுக்காதம்மா. நாளையிலேர்ந்து நான் வரல."

"அம்மா, அவன் வேணும்னு பண்ணலம்மா. உங்களுக்கே தெரியும்."

"தெரியாமலா? எட்டு வருஷமா அவன் பக்கத்துல உக்காந்து ஒட்டுறேன். பெத்த புள்ள மாதிரிதான் அவன் எனக்கு. ஆனா இப்ப இருக்கிறவன் அவன் இல்லம்மா. வேற யாரோ. அந்த வேற யாரையோ நினைச்சா எனக்கு பயமா இருக்கு."

அக்காவுக்கும் அதே பயம்தான் இருந்தது.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஒரு மூலையில் கைப்பிடி வைத்த கோடு போடும் இயந்திரம். அட்டையை அதற்குள் தள்ளிக் கைப்பிடியைச் சுற்றினால், மடிக்க வேண்டிய இடங்களில் பள்ளமாகக் கோடு விழும். அக்கா கோடு போட்டு மூலைகளை வெட்டித் தருவாள், அந்தம்மா பசை தடவி ஒட்டுவாள், மேனேஜர் மடிப்பான். மூன்று பேக்கரிகளுக்கு கேக் பெட்டி இந்த அறையிலிருந்துதான் போயிற்று.

அவனுக்கு வயது முப்பத்தொன்று. பேச்சு என்று பார்த்தால் ஐம்பது சொல் தேறும். மூளை வளர்ச்சி பாதியிலேயே நின்றுவிட்டதாகச் சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் பெட்டி விஷயத்தில் அவனை ஏமாற்ற முடியாது. மடித்து முடித்த பெட்டியை முகத்துக்கு நேரே தூக்கி, நாலு மூலையையும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பான். மூலை இம்மி பிசகினாலும், "ம்ஹும்" என்று ஓரமாக வைத்துவிடுவான். அக்கா வெட்டியதாக இருந்தாலும் அதே "ம்ஹும்"தான். அதனால்தான் தெருவே அவனை மேனேஜர் என்று கூப்பிட்டது. பேக்கரியிலிருந்து பெட்டி எடுக்க வருகிறவர், "மேனேஜர் சார், இன்னைக்கு சரக்கு பாஸா?" என்று கேட்டால் வெட்கப்பட்டுச் சிரிப்பான். கோபம் என்றால் என்னவென்று தெரியாத முகம் அது.

வலிப்பு மட்டும்தான் அவனை விடவில்லை. நின்றுகொண்டிருப்பவன் திடீரென்று அடிமரம் வெட்டினாற்போல் சாய்வான். மாதத்துக்கு ஐந்து, ஆறு. புருவத்தில் இரண்டு முறை தையல். ஒரு முறை முன்பல் போயிற்று. பழைய மாத்திரையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து அலுத்துப்போன பிறகுதான், பெரிய ஆஸ்பத்திரியில் அந்தப் புது மாத்திரையை எழுதினார்கள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மூன்றாவது வாரத்தோடு வலிப்பு நின்றுபோயிற்று. அக்கா மூன்றாம் வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னாள், பேக்கரிக்காரரிடம் சொன்னாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவன் குளிக்கும்போது கதவைச் சாத்திக்கொள்ள விட்டாள்.

அந்தக் கதவைத்தான் அவன் முதலில் உதைத்தான்.

ஆறாவது வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஓர் இளவயது டாக்டர் இருந்தார். மாத்திரை எழுதியவர் இல்லை, வேறொருவர். அங்கே ஒவ்வொரு முறையும் வேறொருவர்தான்.

"எத்தனை தடவை வலிப்பு வந்துச்சும்மா?"

"வரலைங்க."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட இல்ல டாக்டர். ஆனா..."

"சூப்பர்மா! மருந்து நல்லா ஒத்துக்கிச்சு." அவர் எழுத ஆரம்பித்துவிட்டார்.

"ஆனா ரொம்பக் கோவம் வருதுங்க. கதவை உதைக்கிறான், தட்டைத் தூக்கி எறியிறான்."

"இந்த மாதிரிப் பசங்களுக்குக் கோவம் இருக்கத்தான்மா செய்யும்."

"எங்க தம்பிக்கு இருந்ததில்லங்க. முப்பத்தோரு வருஷமா ஈ எறும்பைக்கூட அடிச்சதில்ல."

"வயசு ஏற ஏற வரும். பழகிக்குங்க." அடுத்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அக்கா எழுந்துவிட்டாள். எழுந்திருக்காமல் இருந்திருக்க வேண்டும் என்று பிறகு பல நாள் நினைத்துக்கொண்டாள்.

பசை ஒட்டும் அம்மாவைக் கடித்த வாரத்தில் மறுபடி போனாள். இந்த முறை ஒரு லேடி டாக்டர், கண்ணாடி போட்டவர். வலிப்பு இல்லை என்றதும் அவருக்கும் சந்தோஷம். கடித்ததைச் சொன்னதும் முகம் சுருங்கியது. "அமைதியா இருக்க ஒண்ணு எழுதித் தரேன்" என்று இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார்.

அமைதி மாத்திரை அவனை அமைதியாக்கவில்லை, கிழவனாக்கியது. கால் தரையோடு இழுபட்டது. வாயோரம் எச்சில் வழிந்தது. மடித்த பெட்டி மேல் கன்னத்தை வைத்து அப்படியே தூங்கிப்போவான். எழுந்தால் பெட்டி நனைந்து நசுங்கியிருக்கும். மூலையைத் தடவிப் பார்ப்பதுகூட நின்றுவிட்டது. வாங்கிக் கையில் வைத்துக்கொள்வான், அவ்வளவுதான். அதற்காகக் கடிப்பது நின்றதா என்றால் அதுவும் இல்லை. விழித்திருக்கும் கொஞ்ச நேரத்தில் மொத்தத்தையும் தீர்த்துக்கொண்டான். அக்காவின் இரண்டு கையிலும் நகக்கீறல்.

ஒரு நாள் சாயங்காலம் மாத்திரைப் பட்டையை அப்படியே சாக்கடையில் போட்டுவிடலாம் என்று வாசல்வரை போனாள். முன்பு ஒரு கல்யாண வீட்டில் இரண்டு வேளை மாத்திரை தவறிப்போய், அவனுக்கு ஒன்று விட்டால் இன்னொன்று என்று வலிப்பு விடாமல் வந்ததும், ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் குழாயோடு கிடந்ததும் ஞாபகம் வந்தது. திரும்பி வந்து, தண்ணீரோடு மாத்திரையை அவன் வாயில் போட்டாள். விஷம் கொடுக்கிறோம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

அக்காவின் கணவர் லாரி மெக்கானிக். அதிகம் பேசாத மனிதர். அன்றைக்குச் சாப்பிட்டு முடித்து, நகத்துக்குள் இருந்த கிரீஸைக் குச்சியால் நோண்டிக்கொண்டே சொன்னார்.

"ஒரு இடம் இருக்காம். இவனை மாதிரி ஆளுங்களை வச்சுப் பார்த்துக்கிறாங்களாம். லாரிப் பட்டறைக்கு வர்ற டிரைவர் சொன்னார்."

அக்கா பாத்திரத்தைத் துலக்குவதை நிறுத்தவில்லை.

"உன்னைத்தான் சொல்றேன். உன் கையைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எத்தனை நாளைக்குத் தாங்குவே?"

"அவன் தாங்குறானே, அதை யாராவது கேட்டீங்களா? அவனை அனுப்புங்க. நல்லா அனுப்புங்க. அங்க கடிச்சா என்ன பண்ணுவாங்க தெரியுமா? கையைக் கட்டிப் போடுவாங்க. இன்னும் ரெண்டு மாத்திரை சேர்ப்பாங்க. நீங்க நிம்மதியா கிரீஸ் நோண்டலாம்."

"நான் என்னடி பண்ணேன்? என்மேல ஏன் பாயறே?"

"வேற யார்மேல பாயறது? டாக்டர் மேலயா? அவங்களுக்குத்தான் வலிப்புக் கணக்கு நல்லா இருக்கே! பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்!"

அவர் எழுந்து போய்விட்டார். ஆனால் வந்த சனிக்கிழமை, கேட்காமலேயே லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஒட்டுவதற்கு ஆள் இல்லாமல் அக்காவே ஒட்டி, மூட்டை கட்டி, பேக்கரிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. "நீ போ. நான் இவனைப் பார்த்துக்கிறேன்" என்றார்.

மத்தியானம் அவள் திரும்பியபோது வீடு அமைதியாக இருந்தது. மேனேஜர் பாயில் படுத்திருந்தான். கணவர் ஸ்டூலைப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்திருந்தார். சட்டைப் பாக்கெட் கிழிந்து தொங்கியது. மடியில் ஓர் அட்டைத் துண்டு, அதில் பென்சிலால் ஏதோ கிறுக்கல்.

"உக்காரு. ஒண்ணு சொல்றேன்" என்றார். "எட்டு மணிக்கு மாத்திரை குடுத்தேன். எட்டே முக்கால் வரைக்கும் என் பக்கத்துலதான் இருந்தான். தண்ணி குடுத்தா குடிச்சான். ஒன்பதே காலுக்கு எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்சான், இந்தச் சுவத்துக்கும் அந்தச் சுவத்துக்கும். காதைப் பொத்திக்கிறான். அப்புறம் நெத்தியில அடிச்சுக்கிறான். நீ பார்த்திருக்கியா, முதல்ல தன்னையேதான் அடிச்சுக்கிறான். கையைப் பிடிச்சுத் தடுத்தா, அப்பதான் நம்மளை அடிக்கிறான். பதினொன்றரைக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா இறங்கிருச்சு. சாயங்காலமும் இப்படியேதானே?"

அக்கா யோசித்தாள். "ஆமா. விளக்கு போட்ட கொஞ்ச நேரத்துல."

"சாயங்கால மாத்திரை எப்ப?"

"அஞ்சரைக்கு."

"அப்புறம் என்ன?" அவர் அட்டைத் துண்டைத் தட்டினார். "நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டி. ஒரு பார்ட்டை மாத்தினோம். மறு வாரம் சத்தம் வருது. எவனாவது வண்டிக்கு வயசாயிடுச்சுன்னு சொல்வானா? சத்தம் கேக்காம இருக்க இன்னொரு பார்ட்டை மேல வச்சு முடுக்குவானா? கடைசியா எதை மாத்தினோமோ அதைத்தானே முதல்ல கழட்டிப் பார்ப்பான்! என் பட்டறையில எடுபிடி ஆளுக்குத் தெரியும்டி இது!"

அவர் குரல் உயர்ந்ததில் மேனேஜர் புரண்டு படுத்தான். அவர் சட்டென்று குரலைத் தாழ்த்தி, "பாவி, என்ன பாடு படறான்" என்றார். அவனை அனுப்பும் இடத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவேயில்லை.

மூன்றாம் முறை இருவருமாக அவனை நடுவில் உட்காரவைத்து அழைத்துப் போனார்கள். காத்திருந்தது நாலரை மணி நேரம். இவர்கள் அதிர்ஷ்டம், அன்றைக்குத் தலைமை டாக்டரம்மாவே இருந்தார். நரைத்த தலை, அவசரமில்லாத கை. கோப்பைப் புரட்டினார்.

"வலிப்பு சுத்தமா நின்னிருக்கு போல."

"நின்னுடுச்சு டாக்டர். எங்க தம்பியும் நின்னுட்டான்" என்றாள் அக்கா.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அவள் மூச்சு வாங்கிய இடத்தில் கணவர் அட்டைத் துண்டை மேஜையில் வைத்து மணிக் கணக்கைச் சொன்னார். வண்டி, பார்ட்டு, சத்தம் எல்லாம் வந்தது. டாக்டரம்மா குறுக்கே பேசவில்லை.

"இதை ஏன்மா முன்னாடியே சொல்லல?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா மேஜைமேல் குனிந்தாள். "சொன்னேனே! ரெண்டு தடவையும் சொன்னேனே! அதுல எழுதலையா?"

டாக்டரம்மா பக்கத்தைத் திருப்பி விரலை வைத்து வாசித்தார். "தொந்தரவு எதுவும் சொல்லவில்லை. மருந்து நன்றாக ஒத்துக்கொள்கிறது. ரெண்டாவது தடவையும் அதேதான். கீழ, நடத்தைக் கோளாறு, தனி மாத்திரை சேர்க்கப்பட்டதுன்னு இருக்கு."

"யாரு சொல்லல? நான் இந்த நாற்காலியிலதானே உக்காந்து சொன்னேன்!"

"பேஷன்ட் சொல்லலைன்னு எழுதியிருக்காங்க."

"அவனுக்குத் தலைவலிங்கிற வார்த்தையே தெரியாதே டாக்டர்! யாருக்கு ஒத்துக்கிச்சு? அவனுக்கா? எனக்கா? இந்தக் காகிதத்துக்கு ஒத்துக்கிச்சு!" வெளியே நின்றிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கணவர் அவள் தோளில் கை வைத்தார். அவள் தட்டிவிட்டாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உங்க கோவம் நியாயம்மா. இந்த மருந்து சிலருக்கு இப்படிப் பண்ணும். வாயுள்ளவங்க வந்து, எரிச்சலா இருக்கு, மாத்துங்கன்னு சொல்லிடுவாங்க. சொல்லத் தெரியாதவங்க அடிப்பாங்க, கடிப்பாங்க. நாங்க அதை நடத்தைன்னு எழுதிடுவோம்." கோப்பைப் பார்த்துக்கொண்டே, "எழுதக் கூடாதுதான்" என்றார்.

பிறகு விவரமாகச் சொன்னார். ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். கூடவே வேறொன்றைக் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். அமைதி மாத்திரையையும் படிப்படியாக எடுத்துவிடலாம். "ஆனா ஒண்ணு. புதுசு இந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. வலிப்பு திரும்பி வரலாம். வந்தா மனசு உடையக் கூடாது. சம்மதமா?"

கணவன் மனைவி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் மேனேஜர் தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருந்தான். சம்மதம் என்றாள் அக்கா. வெளியே வந்த பிறகும் அவளுக்குக் கோபம் அடங்கவில்லை. நாலரை மணி நேரம் காத்திருந்து, கத்தி, கடைசியில் வாங்கியது என்ன? வலிப்பு வரலாம் என்பதற்குச் சம்மதம்.

குறைக்கத் தொடங்கி ஏழு வாரம் ஆயிற்று. நல்லதும் கெட்டதுமாக நாட்கள் போயின. முதலில் எச்சில் நின்றது. அப்புறம் கால் இழுப்பு நின்றது. நாலாம் வாரம் ஒரு நாள் முழுக்க அவன் யாரையும் அடிக்கவில்லை; மறுநாள் அதற்கும் சேர்த்துப் பால் பாத்திரத்தைத் தூக்கி எறிந்தான். ஆறாம் வாரம் அக்கா வெட்டிய அட்டை ஒன்றை "ம்ஹும்" என்று ஓரமாக வைத்தான். அது ஒழுங்காகத்தான் வெட்டியிருந்தது. பரவாயில்லை என்று சந்தோஷமாக இன்னொன்று வெட்டிக் கொடுத்தாள். பசை ஒட்டும் அம்மா மட்டும் திரும்பி வரவில்லை. வேறு பட்டறையில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி.

ஏழாம் வாரம் ஒரு மத்தியானம், பெட்டியை முகத்துக்கு நேரே தூக்கியவன் அப்படியே சாய்ந்தான்.

நூற்றறுபது நாளுக்குமேல் வலிப்பு வராமல் இருந்தது. ஆனாலும் அக்காவின் கைகள் எதையும் மறக்கவில்லை. தலைக்குக் கீழே மடித்த சாக்கைத் தள்ளினாள், பக்கவாட்டில் புரட்டினாள், கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு நிமிஷம் பத்து விநாடி. உடம்பு தளர்ந்து மூச்சு சீரானதும் ஈரக் கால்சட்டையைக் கழற்றித் துடைத்து வேறு மாட்டிவிட்டாள். பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். எரிச்சல்தான் வந்தது. டாக்டர்கள் மேல், கணவர் மேல், மாத்திரை கண்டுபிடித்தவன் மேல், தன் மேல். கடித்தாலும் விழாமல் இருந்தானே? நல்லபடியாக இருந்த பூஜ்யத்தை நானே கலைத்துவிட்டேனோ?

ஒரு மணி நேரம் கழித்து அவன் கண் திறந்தான். தண்ணீர் கொடுத்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து முழுக்கக் குடித்தான். முகம் வெளுத்திருந்தது. ஆனால் கண் அவளைப் பார்த்தது, அவளுக்குப் பின்னால் இருக்கும் சுவரை அல்ல.

யாரிடமோ தகராறு பண்ணுகிற குரலில்தான் அவள் கேட்டாள். "ஏன்டா, அந்த மாத்திரை போட்டப்ப உனக்கு என்னதான்டா பண்ணுச்சு?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. இதை அவனிடம் யாருமே கேட்டதில்லை. கடித்த அன்றைக்குக் கத்தியது கேள்வியே இல்லை. மூன்று டாக்டரும் அவளைப் பார்த்தே பேசினார்கள். அவளும் அவர்களைப் பார்த்தே பேசினாள். அவன் நடுவில் உட்கார்ந்திருந்தான்.

இந்த முறை அவள் எழுந்திருக்கவில்லை. அவன் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். ஐம்பது சொல்லுக்குள் தேட வேண்டுமே. உதடு இரண்டு முறை அசைந்து நின்றது. பிறகு கையை நெஞ்சில் வைத்தான்.

"கோவம்" என்றான்.

"ம்."

தலையை ஆட்டினான். அவள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பதுபோல. "என்னுது இல்ல."

வேறு யாருடைய சட்டையையாவது தெரியாமல் மாட்டிவிட்டால் கழற்றிக் கையில் கொடுத்துச் சொல்வானே, அதே சொல். அதே குரல். குறை சொல்லும் தொனிகூட அதில் இல்லை.

"ஆமாடா" என்றாள் அக்கா. "உன்னுது இல்லடா."

அவன் நம்பிக்கையோடு தலையாட்டிவிட்டு, சாக்கில் மறுபடி படுத்துக்கொண்டான்.

கணவர் வந்ததும் வாசலிலேயே நிறுத்திச் சொன்னாள். வலிப்பு வந்ததை முதலில் சொன்னாள். பிறகு தம்பி சொன்னதைச் சொன்னாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தார். கிரீஸ் கைகளைத் துடைக்காமலேயே முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

"நாம முன்னாடியே கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

"கேட்டிருக்கலாம்."